‘என்ன வேலைக்கு?’ என்று கேட்காத கடைகள்

2023 ஜூன் மழையில் எங்கள் குசினிக் கதவு ஊதிப்போய் நிலையில் சிக்கிக்கொண்டது. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்து மழையைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு புதினமும் இல்லை. மே கடைசியில் தொடங்கினால் வட்டவளை, டிக்கோயா, நோர்வூட் பக்கமெல்லாம் துணி காயாது, உப்பு தண்ணீர் விடும், கதவு ஊதும். ஏழு பேர்ச் காணியில் கட்டிய எங்கள் வீட்டில் விறகும் தண்ணீரும் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். தோளால் இடித்துத் திறந்தோம், காலால் உதைத்துச் சாத்தினோம், கடைசியில் பூட்டு விழவே மாட்டேன் என்றது. அதன் பிறகு ஆறு வாரம் கதவைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தேன். வீட்டுக்காரர் கட்டாரில். வீட்டில் நானும் எட்டு வயது மகனும் மட்டும். காற்றில் அந்தக் கயிறு இழுபடும் சத்தத்தைக் கேட்டபடி படுத்துக் கிடந்த இரவுகளை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

டவுனில் விசாரித்து ஒரு மரவேலை பாஸைப் பிடித்தேன். வந்தார், கதவைத் தட்டிப் பார்த்தார், “மரம் கொஞ்சம் வாங்கணும் டீச்சர்” என்று 5,000 ரூபா முன்பணம் வாங்கிக்கொண்டு போனார். நாளைக்கு வருகிறேன் என்றார். முதல் வாரம் போனை அவர் எடுத்தார், இரண்டாவது வாரம் அவர் மனைவி எடுத்தார், மூன்றாவது வாரம் யாரும் எடுக்கவில்லை. வந்த கோபத்தில், நானே செய்கிறேன் என்று முடிவு கட்டினேன். நான் ஆசாரி மகள். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவர், பெக்டரியில் மிஷின் பழுதானால் பிட்டருக்குத் துணையாகவும் போவார். அந்தக் கையைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு மரம் சீவுகிற இழைப்புளியை வைத்து நாலு தள்ளுத் தள்ளத் தெரியாதா?

ஆனால் இழைப்புளிக்கு எங்கே போவது? இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அப்பா 2019இல் தவறினார். லயத்துக் காம்பராவைக் காலி செய்தபோது, தேயிலைப் பெட்டிப் பலகையில் அவர் தன் கையாலேயே செய்து வைத்திருந்த சாமான் பெட்டி வாசல் இஸ்தோப்பில் கிடந்தது. உள்ளே எல்லாம் துரு. பழைய இரும்பு வாங்குகிறவர் தராசைத் தூக்கிப் பிடித்தார். 17 கிலோ, கிலோ 50 ரூபா, ஆக மொத்தம் 850 ரூபா. அன்றைக்கு அந்தக் காசில் கோழி வாங்கிச் சமைத்தோம். அந்தப் பதினேழு கிலோவுக்குள் இங்கிலாந்தின் ஷெபீல்டில் செய்த ரெக்கோர்ட் இழைப்புளி ஒன்று, மார்பிள்ஸ் உளிகள் ஐந்து, ஸ்பியர் அண்ட் ஜாக்சன் கைவாள் ஒன்று, நிக்கல்சன் அரங்கள், கையால் சுற்றித் துளை போடும் துறப்பணம் எல்லாம் இருந்தன. இரண்டு பழைய ஸ்பானரை மட்டும் தம்பி, காற்றுக்குக் கதவு அடிக்காமல் முட்டுக் கொடுக்க என்று எடுத்து வைத்தான். மற்றதெல்லாம் போயிற்று.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பெட்டி கிடந்தால் தயவுசெய்து நிறுத்துப் போடாதீர்கள். மேல் துரு ஒரு விஷயமே இல்லை. வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்து, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசினால் அடியில் இரும்பு பளிச்சென்று இருக்கும். பார்க்க வேண்டியது வேறு. இழைப்புளியின் வார்ப்பு உடம்பில் வெடிப்பு இருக்கிறதா, உளியின் தட்டையான முதுகில், வெட்டும் நுனிக்குப் பக்கத்தில், துரு குழி தோண்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தச் சாமான் உங்கள் பேரப்பிள்ளைக்கும் உழைக்கும்.

சரி, பெட்டி போய்விட்டது. அந்த நேரம் பார்த்து போனில் ஒரு விளம்பரம் வந்தது. 132 சாமான் அடங்கிய பெட்டி, 14,900 ரூபா, கைக்கு வந்த பிறகு காசு கொடுத்தால் போதும். கறுப்புப் பெட்டிக்குள் ஒவ்வொன்றும் அதனதன் குழியில் படுத்திருந்த அழகில் மயங்கிவிட்டேன். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரைக்கும் ஏறிய பிறகு வெளிநாட்டுச் சாமான் எதைத் தொட்டாலும் நெருப்பு விலை. இந்த விலைக்கு இனிக் கிடைக்காது என்ற அவசரமும் சேர்ந்துகொண்டது. கூரியருக்கு 450 ரூபா. கொண்டுவந்த பையனிடம், “திறந்து பார்க்கலாமா தம்பி?” என்று கேட்டேன். “காசு தந்த பிறகு திறங்க மிஸ், அதுதான் ரூல்” என்றான். அவன் மேல் பிழை இல்லை. கைக்கு வந்த பிறகு காசு என்றால் கண்ணால் பார்த்த பிறகு காசு என்று அர்த்தமில்லை என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

132 என்ற கணக்கும் அப்படித்தான். ஆணி, ஸ்க்ரூ, வயர் கட்டுகிற பிளாஸ்டிக் நாடா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணிச் சேர்த்திருந்தார்கள். ஓர் ஆணி ஒரு சாமான்! கதவுப் பிணைச்சலில் இருந்த முதல் ஸ்க்ரூவைத் திருப்பியபோதே ஸ்க்ரூ டிரைவரின் நுனி முறுக்குப் பலகாரம் மாதிரி திருகிக்கொண்டது. ஸ்பானரைப் போல்ட்டில் மாட்டி அழுத்தினால் வாய் விரிந்தது. மேலே ‘குரோம் வெனேடியம்’ என்று அழகாக எழுதியிருந்தது. பிறகு குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையை எடுத்து வந்து வைத்துப் பார்த்தேன். சில சாமானில் ஒட்டவே இல்லை. மேலே பளபளப்பு, உள்ளே ஏதோ நாக வார்ப்பு. அதனால் கடைக்குப் போகும்போது கைப்பையில் ஒரு சின்னக் காந்தம் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் காந்தம் ஒட்டினால் நல்ல சாமான் என்று முடிவு கட்டவும் முடியாது, மெத்தென்ற இரும்பிலும் காந்தம் ஒட்டும். ஒட்டாததை வாங்காமல் தப்பிக்கலாம், அவ்வளவுதான்.

இதில் என் புத்திசாலித்தனம் ஒன்றும் உண்டு. அந்தப் பெட்டியில் இருந்த அளவு நாடாவின் நுனிக் கொக்கி லொட லொட என்று ஆடியது. பார்த்தீர்களா, இதுவும் மட்டம் என்று திட்டிக்கொண்டே சூப்பர் குளூ விட்டு இறுக்கி ஒட்டினேன். அதற்குப் பிறகு அளந்ததெல்லாம் ஒரு மில்லிமீட்டர் பிசகியது. அந்தக் கொக்கி ஆடத்தான் வேண்டுமாம். பலகையின் விளிம்பில் மாட்டி இழுக்கும்போது கொக்கி தன் தடிப்பு அளவுக்கு வெளியே வரும், சுவரில் முட்டி அளக்கும்போது அதே அளவு உள்ளே போகும். அப்போதுதான் இரண்டு அளவும் சரியாக இருக்கும். அந்தப் பெட்டியிலேயே ஒழுங்காக வேலை செய்த ஒரு சாமானைத் தேடிப் பிடித்து நான்தான் கெடுத்தேன்.

சுத்தியல் சிரிக்கிற விஷயம் இல்லை. மூன்றாம் நாள் ஓங்கி அடிக்கும்போது தலை பிடியை விட்டுப் பறந்தது. மகன் பக்கத்தில் உட்கார்ந்து ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு ஒரு சாண் மேலே போய்ச் சுவரில் மோதி விழுந்தது. கொஞ்ச நேரம் எனக்குக் கை கால் ஓடவில்லை. அப்புறம் அந்தப் பிடியை எடுத்துப் பார்த்தேன். துளைக்குள் மரம் நிறையாமல், கறுப்புப் பசையை ஊற்றி அடைத்திருந்தார்கள். அப்பா சுத்தியலை முழுசாக வாங்கியதே இல்லை, தலையை மட்டும்தான் வாங்குவார். பிடியை வீட்டில் காய்ந்த கொய்யாக் கிளையில் சீவுவார். துளைக்குள் இறுகப் போகும்படி சீவி, நுனியைப் பிளந்து மர ஆப்பு ஒன்று, அதற்குக் குறுக்கே இரும்பு ஆப்பு ஒன்று அடிப்பார். கடையில் நீங்கள் சுத்தியலை எடுத்தால் முதலில் தலையின் மேல்பக்கத்தைப் பாருங்கள். துளை நிறைய மரமும் ஆப்பும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெறும் பெயின்ட் பூசி மறைத்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பிடியில் மரத்தின் இழை நீளவாக்கில் ஓட வேண்டும், சாய்ந்து குறுக்கே ஓடினால் என்றைக்காவது அங்கேதான் முறியும். காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பாருங்கள், டொக் டொக் என்று ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் வேண்டாம்.

பெட்டியைத் திருப்பி அனுப்பினேன். கூரியருக்கு 700 ரூபா. விளம்பரம் போட்ட பக்கம் காணாமல் போயிற்று, போன் நம்பர் அணைந்துவிட்டது, பெட்டியும் போன இடம் தெரியவில்லை. என்னிடம் பற்றுச்சீட்டு இல்லை, கூரியர் ஒட்டிய துண்டு மட்டும்தான். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி நாம் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும். முறைப்பாட்டை, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், 1977க்கு அழைத்தால் விபரம் சொல்வார்கள். பெயரும் விலாசமும் இல்லாத ஒரு போன் பக்கத்தைப் பற்றி நான் யாரிடம் போய் எதைக் காட்டுவது? 500 ரூபாச் சாமானுக்கும் பில் கேட்கிற பழக்கம் எனக்கு அதற்குப் பிறகு வந்ததுதான்.

அடுத்தது டவுன் கடை. கண்ணாடிக் கதவு, வெள்ளை விளக்கு, பாட்டு. சாமான் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் அடைபட்டு வரிசையாகத் தொங்கின. நான் உள்ளே போனதும் பையன் ஒருவன் வந்து, “சேர் வரல்லையா மிஸ்?” என்றான். இழைப்புளி வேண்டும் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. சீவுளி என்றேன். ஒன்றை எடுத்துத் தந்தான். உறையைத் திறந்து அடிப்பக்கம் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, திறந்தால் எடுக்கத்தான் வேண்டும் என்றான். 6,800 ரூபா. பக்கத்தில் தொங்கிய கைவாள் 2,900. இரண்டையும் எடுத்துக்கொண்டேன். ‘விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்ற அறிவிப்பு தலைக்கு மேலே தொங்கியது. என்ன வேலைக்கு என்று அந்தப் பையன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த முழுக் கதையிலும் நான் இழந்த காசில் ஒரு பங்கு அந்த ஒரு கேள்வி கேட்கப்படாததால் போனது.

வீட்டுக்கு வந்து கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்து இழைத்தேன். சுருள் சுருளாக வரும் என்று பார்த்தால் கடித்துத் துப்பியது மாதிரி தூள்தான் வந்தது. புது இழைப்புளி என்றால் பெட்டியிலிருந்து எடுத்ததும் வெட்டும் என்று நினைத்திருந்தேன். அலகைத் தீட்டித்தான் பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆத்திரத்தில் அலகை இன்னும் வெளியே நீட்டினேன். பக்கவாட்டில் எப்படியோ கொஞ்சம் இறங்கியது, கொஞ்சமல்ல, கூடுதலாகவே இறங்கியது. அப்புறம் மேல் விளிம்பு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே தள்ளாகத் தள்ளினேன். அந்தக் கோடிக்குப் போனதும் பட்டென்று ஒரு சத்தம், கதவின் மூலையில் ஒரு விரல் நீளத்துக்குச் சிலாம்பு பெயர்ந்து தனியாக விழுந்தது. கதவின் பக்கச் சட்டம் நெடுக நின்று மேலே முடிகிற இடத்தில் மரத்தின் இழை வெட்டுமுகமாக நிற்கும். அங்கே வெளிப்பக்கம் நோக்கித் தள்ளினால் பிடிப்பு இல்லாமல் பெயரும். இரண்டு மூலையிலிருந்தும் நடுவை நோக்கித்தான் இழைக்க வேண்டும். அன்றைக்குக் கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். கதவுக்காக மட்டும் என்று சொல்ல முடியாது. அப்பாவின் 850 ரூபாவும் அந்த அழுகையில் இருந்தது.

அப்பாவோடு கடைக்குப் போன நாட்கள் அப்போதுதான் ஞாபகம் வந்தன. தோட்டச் சம்பளம் மாதம் 10ஆம் திகதி. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போவோம். ஹட்டன் மெயின் வீதியில் அந்த இரும்புக்கடைக்குள் நுழையும்போதே ஒரு வாசனை வரும், கிரீஸ் தாள், ஆளிவிதை எண்ணெய், புதுக் கயிறு, மண்ணெண்ணெய் எல்லாம் கலந்து. அந்த வாசனை இப்போது எங்கேயும் இல்லை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கும் சாமான் ஒன்று மாதிரிக்கு அடிக்கப்பட்டிருக்கும். பித்தளைக் கொண்டி இருந்தால் அது கொண்டி இழுப்பறை, ஒரு அங்குல ஸ்க்ரூ இருந்தால் அது ஒரு அங்குல ஸ்க்ரூ. வாசிக்கத் தெரியாதவனும் தேடி எடுக்கலாம். ஆணியை இறாத்தல் கணக்கில் நிறுத்துப் பேப்பரில் சுற்றித் தருவார்கள். வாசலில் மண்வெட்டி அடுக்கியிருக்கும், சில்லிங்டன் கம்பனியின் முதலை மார்க் பதித்தவை. கவ்வாத்துக் கத்தி, சுரண்டி, அலவாங்கு எல்லாம் பிடி இல்லாமல் குவியலாகக் கிடக்கும்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் மார்க்கின் உருவத்தை வைத்தே அசல் எது என்று சொல்வார். வாள் வாங்கும்போது நுனியைப் பிடித்து வில்லாக வளைத்துவிட்டு விடுவார், கோணாமல் நேராகத் திரும்பி வர வேண்டும். உளியை நூலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டுவார், கிண் என்று கேட்க வேண்டும். இழைப்புளியைக் கவிழ்த்து ஒற்றைக் கண்ணை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். இவ்வளவையும் பார்த்துக்கொண்டு முதலாளி ஒன்றும் சொல்லாமல் வெற்றிலை மெல்லுவார். அதற்கு முன்னாலேயே அவர் கேட்டிருப்பார், “என்ன வேலைக்கு ஆசாரி?” ஜன்னலுக்கு என்றால் ஒன்று எடுப்பார், மாட்டுப்பட்டிக்கு என்றால் வேறொன்று எடுப்பார். சில நாள், “இது உன் வேலைக்குச் சரிவராது, அடுத்த மாதம் வா” என்று வெறுங்கையோடு அனுப்பியதும் உண்டு.

அதற்காக அந்தக் கடைகளெல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கடன் கொப்பியில் ஒன்றுக்கு ஒன்றரை எழுதிய கதைகள் எங்கள் லயத்தில் ஏராளம். தோட்டத்து ஆள் என்றால் வெள்ளைச் சட்டைக்காரர் போகும் வரை ஓரமாக நிற்க வேண்டும். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனதால் உள்ளே போனேன், என் அம்மா தனியாகப் போயிருந்தால் அவரையும் “ஆசாரி வரல்லையா?” என்றுதான் கேட்டிருப்பார்கள். அந்தப் பழைய நாளில் திரும்பி வர வேண்டும் என்று நான் நினைப்பது அந்த ஒரு கேள்வி மட்டும்தான். ஹட்டனில் அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது போன் உறையும் ஹெட்போனும் விற்கிறார்கள்.

நாவலப்பிட்டியில் ஒரு பழைய இரும்புக்கடை இன்னும் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு சேர் சொன்னார். ஜூலை கடைசி சனிக்கிழமை, இழைப்புளியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மகனோடு கோச்சி ஏறினேன். 1874இலேயே ரயில் வந்துவிட்ட ஊர் அது, ஹட்டனுக்கு வர அதற்குப் பிறகு பத்து வருஷம் பிடித்தது. அதனாலோ என்னவோ அங்கே இரும்புச் சாமான் பழக்கம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம். கடையைப் பார்த்ததும் ஏமாற்றமாக இருந்தது. முன்பக்கம் இங்கேயும் அதே பிளாஸ்டிக் உறைகள். ஆனால் உள்ளே போகப் போக இருட்டு, அந்த இருட்டுக்குள் அந்த வாசனை. எழுபது தாண்டிய ஹாஜியார் ஒருவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “நல்ல இழைப்புளி ஒன்று வேணும்” என்றேன். “என்ன வேலைக்கு மகள்?” என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், பாஸ், பெட்டி, சுத்தியல், சிலாம்பு. அவர் நான் கொண்டுபோன இழைப்புளியை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கு என்ன? இது வேலை செய்யும், நீங்கதான் இன்னும் செய்யல்ல” என்று சொல்லிச் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. பிறகு செய்முறை சொன்னார். கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் சாண்ட் பேப்பரை ஒட்டு. இழைப்புளியின் அடியில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போடு. அலகை உள்ளே இழுத்துவிட்டு கண்ணாடி மேல் தேய். கோடு எங்கே அழியாமல் இருக்கிறதோ அந்த இடம் பள்ளம். வாய்க்கு முன்னாலும் நுனியிலும் வாலிலும் கோடு அழிந்தால் போதும், முழுக்க அழிய வேண்டியதில்லை. அலகின் முதுகை முதலில் தட்டையாக்கு, பிறகு சாய்வுப் பக்கத்தை எண்ணெய்க் கல்லில் தீட்டு. முன்கை மயிரை வழித்தால் கூர் வந்துவிட்டது. அலகு அடிப்பக்கத்தில் ஒரு மயிரிழை தெரிந்தால் போதும். எண்ணெய்க் கல் 1,400, சாண்ட் பேப்பர் 450. இழைப்புளி ஒன்று விற்றிருக்கலாம், விற்கவில்லை. அதற்குப் பதிலாகப் பழைய ஸ்டாக் உளி ஒன்றை 2,200 ரூபாவுக்கு என் தலையில் கட்டினார், அதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல உளிதான், விலைதான் கூட.

வாளையும் பற்றிக் கேட்டேன். பல் நுனி நீலக் கறுப்பாக இருந்தால் அது பல்லை மட்டும் சூடாக்கி இறுக்கிய வாள், வெகுநாள் கூர் போகாது, ஆனால் போய்விட்டால் அரம் ஏறாது, தூக்கிப் போட வேண்டியதுதான். தீட்டித் தீட்டிப் பாவிக்க நினைத்தால் பல் வெள்ளையாக உள்ள பழைய மாதிரிதான் வேண்டும். வருஷத்துக்கு நாலு பலகை அறுக்கிற எனக்கு நீலப் பல்லே போதும் என்றார். அங்குலத்துக்கு ஏழெட்டுப் பல் என்றால் விறுவிறு என்று அறுக்கும், முகம் கரடாக இருக்கும். பத்துப் பன்னிரண்டு என்றால் மெதுவாகப் போகும், முகம் சுத்தமாக வரும். சதுரம் பார்க்கிற மூலமட்டமும் கிடை பார்க்கிற ரசமட்டமும் வாங்கும்போது கடையிலேயே சோதிக்க ஒரு வழி காட்டினார், இது அப்பாவும் செய்வதைப் பார்த்திருக்கிறேன், ஏன் என்று அப்போது விளங்கவில்லை. மூலமட்டத்தை நேரான பலகை விளிம்பில் வைத்து ஒரு கோடு போடுங்கள், அப்படியே மறுபக்கம் புரட்டி அதே புள்ளியில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி, இல்லையென்றால் விலகலில் பாதி அதன் பிழை. ரசமட்டத்தை மேசை மேல் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள், அதே இடத்தில் முனை மாற்றி வையுங்கள், குமிழி மேசையின் அதே பக்கத்தில் அதே அளவில் நிற்க வேண்டும். மேசை சரிவாக இருந்தாலும் பரவாயில்லை.

தம்பி வைத்திருந்த இரண்டு ஸ்பானரைப் பற்றியும் கேட்டேன். ஒன்றில் 1/2 என்றும் பக்கத்தில் டபிள்யூ என்றும் இருக்கிறது. அரை அங்குலம் என்றால் வாய் கிட்டத்தட்ட 13 மில்லிமீட்டர் இருக்க வேண்டுமே, இதில் 23ஐயும் தாண்டுகிறது. ஹாஜியார் கண்ணாடியைக் கீழே இறக்கினார். அது விட்வொர்த் அளவு. 1841இல் ஜோசப் விட்வொர்த் என்ற இங்கிலாந்து இன்ஜினியர் போட்ட முறை. அதில் எழுதியிருப்பது போல்ட்டின் தடிப்பு, ஸ்பானரின் வாய் அல்ல. இங்கிலாந்திலிருந்து வந்த பழைய தேயிலை மிஷின்களுக்கெல்லாம் அந்த அளவுதான், இப்போதைய மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் லூசாக நின்று நட்டின் மூலையை மழுக்கிவிடும். ஆகவே பழைய ஸ்பானர் வாங்குகிறவர்கள் எழுத்தை நம்பாமல் வாயை அளந்து வாங்குங்கள். சரஸ்வதி பூஜைக் கடைசி நாள் பெக்டரியில் அப்பா சந்தனம் குங்குமம் வைத்த ஸ்பானர்கள் அவை. நாங்கள் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

கிளம்பும்போது ஹாஜியார் கேட்டார், “கதவை இந்த மழைக்குள்ளயா இழைச்சீங்க?” ஆமாம் என்றேன். தலையை ஆட்டினார். மழைக்காலத்தில் ஊதிய மரத்தை ஊதிய அளவுக்கு இழைத்தால் வெயிலில் இடைவெளி விழும், முட்டுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் எடுத்துவிட்டு நிறுத்த வேண்டும் என்றார். கதவு ஊதுவதே பெரும்பாலும் பெயின்ட் அடிக்காத மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஈரம் குடிப்பதால்தானாம். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று பாஸ்மார் அதை விட்டுவிடுவார்கள். காய்ந்த நாளில் கழற்றி அந்த இரண்டு விளிம்புக்கும் இரண்டு கோட் அடிக்கச் சொன்னார். மகன் அதற்குள் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான், அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடையை இனி யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். பிள்ளைகள் துபாயில், வருஷக் கடைசியில் பூட்டலாம் என்று யோசிக்கிறேன் என்றார், வெயில் எப்படி என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி.

கணக்குப் பார்த்தேன். பாஸுக்கு 5,000, பெட்டிக்குக் கூரியரோடு 15,350, திருப்பி அனுப்ப 700, பெயர்ந்த மூலைக்குத் துண்டு மரம் ஒட்டிச் சரிக்கட்ட 3,500. ஒன்றுக்கும் உதவாமல் போனது 24,550 ரூபா. அப்போது தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபா. என் அம்மா மாதிரி கொழுந்து எடுக்கிற ஒருவருக்கு அது ஒரு மாத உழைப்பு. அம்மாவிடம் இந்தத் தொகையை இன்னும் சொல்லவில்லை. இன்றைக்கு மறுபடி தொடங்குவதாக இருந்தால் ஒரு நல்ல சுத்தியல், ஓர் உளி, ஒரு கைவாள், ஓர் அளவு நாடா, ஓர் எண்ணெய்க் கல் இவற்றோடு நிறுத்தியிருப்பேன். மற்றதை வேலை வரும்போது ஒவ்வொன்றாக, கையில் தூக்கிப் பார்த்து வாங்கியிருப்பேன்.

இழைப்புளி இப்போது நன்றாக வெட்டுகிறது. முதல் சுருள் வந்தபோது மகன் அதை மோந்து பார்த்துவிட்டுக் கணக்குக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டான். கதவும் பூட்டுகிறது. ஆனால் ஹாஜியார் சொன்ன மாதிரியே பெப்ரவரி வெயிலில் பக்கவாட்டில் ஒரு விரல் நுழையும் இடைவெளி விழுந்தது. இரவில் அதன் வழியாகக் குளிர்காற்று விசிலடிக்கிறது. பழைய சாக்கை மடித்துச் செருகி வைத்திருக்கிறேன். ஜூன் வந்தால் தானாக அடைபடும்.